சான்றிதழ் வேறு, சாட்சி வேறு

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, நீதிமன்ற அலுவல் முடிந்து நான் திரும்பிய வேளை, வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் என் அலுவலக வாசல் வாங்கிலே காத்திருந்தார். கையிலே ஒரு துணிப்பை. பையினுள்ளே ஆறு பரப்புத் தோட்டக் காணியின் உறுதி. "ஈடு எழுத வேணும் ஐயா" என்றார். காணியை ஈடு வைக்க வருவோர் எனக்குப் புதியவர் அல்லர். சீதனத்துக்கும் வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் எழுதிய ஈட்டு உறுதிகள் என் அலுமாரியில் அடுக்கடுக்காய் உள்ளன. ஆயின் அவர் கூறிய காரணம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மகள் இங்கிலாந்திலே கணிதமும் கணனி விஞ்ஞானமும் இணைந்த பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகின்றாளாம். படிப்புச் செலவை இலண்டனில் உள்ள தாய்மாமன் பொறுப்பேற்றுள்ளாராம். ஆனால், விண்ணப்பத்தைப் பலப்படுத்த ஐந்து சான்றிதழ்கள் வேண்டுமென ஒரு முகவர் நிலையம் கூறியிருக்கின்றது. தலைமைத்துவப் பயிற்சி ஒன்று; இரண்டு வார ரோபோ வகுப்பு ஒன்று; கொழும்பிலே விடுதியில் தங்கிப் பெறும் கோடைகாலப் பாடநெறி ஒன்று; பிறிதொன்று என்னவென்று அவருக்கே நினைவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவியின் பெயரில் ஓர் "ஆராய்ச்சிக் கட்டுரை" எழுதி வெளியிட்டும் தரப்படுமாம். இவற்றின் விலைதான் அந்த ஆறு பரப்பு.

நான் ஈடு எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை மகளை அழைத்து வரும்படி சொல்லி அனுப்பினேன்.

அந்தத் தந்தையைக் குறை கூற எனக்கு மனமில்லை. இந்நாட்டிலே அரச பல்கலைக்கழகத்தின் வாசல் இலக்கங்களால் திறக்கப்படுவது. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடம். 2001 முதல் இசட் புள்ளி. அதன் மேல் அகில இலங்கைத் திறமைக்கு 40 விழுக்காடு, மாவட்டக் குடித்தொகைக்கு 55 விழுக்காடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 விழுக்காடு என்னும் பங்கீடு. 1970களின் தரப்படுத்தலைக் கண்ட சமூகம் நம்முடையது. ஒரு புள்ளியின் பெறுமதி நம் வீட்டுத் திண்ணைகளில் உணரப்பட்டதுபோல் வேறெங்கும் உணரப்பட்டிருக்குமோ என்பது ஐயமே. இத்தகைய வாசலையே கண்டு பழகியவர் வேறொரு வாசலின் முன் நிற்கும்போது, அங்கும் புள்ளி போன்ற ஏதோ ஒன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென எண்ணுவது இயல்பன்றோ? சான்றிதழ் அவருக்குப் புள்ளியாகத் தோன்றுகின்றது. விற்பவரும் புள்ளி என்றே விற்கின்றார்.

இங்கிலாந்தின் முறை வேறு. அங்கே விண்ணப்பங்கள் பெரும்பாலும் யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியே செல்கின்றன. ஒருவருக்கு ஐந்து தெரிவுகள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. ஒன்றையே தெரிய வேண்டும். அதற்கு இறுதி நாள் ஒக்டோபர் 15. முன்னாளில் மாணவர் தம்மைப் பற்றி ஒரே கட்டுரையாக எழுதி வந்தனர். 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து அது மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இப்படிப்பை ஏன் விரும்புகின்றாய்? உன் பாடசாலைக் கல்வி இதற்கு உன்னை எவ்வாறு ஆயத்தம் செய்தது? பாடசாலைக்கு வெளியே வேறு என்ன செய்தாய், அது எவ்வாறு பயன்பட்டது? மூன்று விடைகளும் சேர்ந்து, இடைவெளியும் உட்பட, 4000 எழுத்துகளைத் தாண்டலாகாது.

மூன்றாம் வினாவை மீண்டும் படியுங்கள். அதற்கு இரண்டு பாதிகள் உண்டு. என்ன செய்தாய் என்பது முதற் பாதி. எவ்வாறு பயன்பட்டது என்பது மறு பாதி. முகவர் நிலையங்கள் விற்பது முதற் பாதியை மட்டுமே. மறு பாதியை எவரும் எவருக்கும் விற்க முடியாது.

எங்கள் தொழிலிலே இதற்கு ஒரு பழைய விதி உண்டு. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், வாய்மொழிச் சாட்சியம் எப்போதும் நேரடியானதாய் இருத்தல் வேண்டும் என்கின்றது. கண்டதைக் கண்டவனே கூற வேண்டும். கேட்டதைக் கேட்டவனே கூற வேண்டும். பணம் பெற்றுக்கொண்ட ஒரு நிலையம் "இவள் கெட்டிக்காரி" என்று முத்திரை குத்திக் கொடுக்கும் கடதாசி எத்தகைய சாட்சியம்? அது பிறர் வாய்ச் சொல். தானே எழுதாத ஆராய்ச்சிக் கட்டுரையோ அதனினும் கீழானது. அதன் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நேர்முகம் வைப்பவை. திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பேராசிரியர், "இக்கட்டுரையின் இரண்டாம் வரியை விளக்கு" என்று கேட்டால் அந்தப் பிள்ளையின் நிலை யாது? குறுக்கு விசாரணையில் உடைந்த சாட்சியைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இனி, அச்சனிக்கிழமை நடந்ததைச் சொல்கின்றேன்.

தகப்பனோடு வந்த பிள்ளை ஒரு கொப்பியும் பழைய மடிக்கணனி ஒன்றும் கொண்டுவந்தாள். சான்றிதழ் ஒன்றும் இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு வெளியாலை கணக்கிலை என்ன செய்தனீ, பிள்ளை?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கிணற்று முறை!

அவர்களுடையது பங்குக் கிணறு. பங்குக் கிணற்றின் வரலாறு யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிக்குச் சொல்லவும் வேண்டுமோ? மூன்றில் ஒன்று, எட்டில் ஒன்று, நூற்று நாற்பத்து நான்கில் ஐந்து என்று உறுதிகளில் எழுதப்பட்ட பின்னங்களால் அண்ணன் தம்பி நீதிமன்றம் ஏறிய கதைகள் எத்தனை! இவ்வாண்டுக் கோடையில் அவர்கள் கிணற்றின் ஊற்று குறைந்துவிட்டது. ஒரு நாளிலே ஒரு தோட்டத்துக்கு மட்டுமே நீர் போதும். தந்தையின் கத்தரி நாற்றுக்கு எந்த இரண்டு நாளிலும் ஒரு நாளாவது நீர் வேண்டும். சித்தப்பாவின் வெங்காயத்துக்கு எந்த மூன்று நாளிலும் ஒரு நாளாவது வேண்டும். அத்தையின் வாழைக்கு ஆறு நாளுக்கு ஒரு தடவை போதும். பின்னத்தைக் கூட்டிப் பாருங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் ஆறில் ஐந்து. மீதி ஆறில் ஒன்று. வாழைக்குச் சரியாகப் பொருந்துகின்றது. ஆனால், வீட்டிலே எவரும் அந்த முறையை வகுக்க முடியவில்லை. சண்டை மூண்டது.

பிள்ளை அதைக் கணனியிடம் கொடுத்திருக்கின்றாள். பைதன் என்னும் நிரல்மொழி இலவசமாய்க் கிடைப்பது; அதைத் தானே பழகியிருக்கின்றாள். ஒவ்வொரு தோட்டமும் கடைசியாக நீர் கண்டு எத்தனை நாளாயிற்று என்பதை ஒரு நிலையாகக் குறித்து, ஒரு நிலையிலிருந்து எந்நிலைக்குப் போகலாம் என்று யாவற்றையும் தேடும்படி நிரல் எழுதினாள். முறை இல்லை என்றது கணனி. வாழையை ஏழு நாளாக்கினாள், இல்லை. பத்து நாள், இல்லை. முப்பது நாளுக்கு ஒரு தடவை போதும் என்றாள். அப்போதும் இல்லை என்றே வந்தது. நிரலிற் பிழையென்று இரண்டு இரவு தேடினாள். பின்னரே கணனியை மூடி வைத்துவிட்டுத் தாளை எடுத்திருக்கின்றாள்.

விடை ஐந்து வரி. வாழைக்கு ஏதோ ஒரு நாள் நீர் விடுகின்றோம். அதற்கு முதல் நாள் நாற்றுக்கு விட்டிருக்க வேண்டும். இல்லையேல் நாற்று இரண்டு நாள் தொடர்ந்து காயும். மறுநாளும் அதே காரணத்தால் நாற்றுக்கே விட வேண்டும். நாற்று, வாழை, நாற்று என மூன்று நாள் போயின. அம்மூன்று நாளிலும் வெங்காயத்துக்கு நீர் எங்கே? ஆகவே வாழைக்கு ஆறு நாளென்ன, அறுநூறு நாளுக்கு ஒரு தடவையென்றாலும் இம்முறை வகுக்க இயலாது. வழக்குத் தள்ளுபடி.

நான் குறுக்கு விசாரணையைத் தொடங்கினேன். "வெங்காயம் நாலு நாள் பொறுக்குமெண்டால்?" சிறிது யோசித்தாள். "அப்ப வாழைக்கும் நாலு நாளுக்கு ஒருக்கா குடுக்கலாம் சேர். நாற்று, வெங்காயம், நாற்று, வாழை." அரை, கால், கால், கூட்டினால் ஒன்று. ஒரு நாளும் மிச்சமின்றிப் பொருந்துகின்றது. முன்னையதிலோ இடமிருந்தும் பொருந்தவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டபோது, அதைத்தான் இன்னும் யோசித்துக் கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

கணிதம் பயின்ற நண்பரொருவர் பின்னர் எனக்குச் சொன்னதை இங்கே குறிப்பிடுகின்றேன். இது கணனி விஞ்ஞானத்தில் காற்றாடியின் பெயரால் வழங்கும் அட்டவணைக் கணக்கு. 1989 முதல் ஆராயப்படுவது. பின்னங்களின் கூட்டுத்தொகை ஆறில் ஐந்தைத் தாண்டாதாயின் முறை எப்போதும் வகுக்கலாம் என்ற ஊகம் மூன்று தசாப்தங்கள் நிறுவப்படாமற் கிடந்தது. யப்பானியரான அகிதோஷி கவமுரா அதன் நிரூபணத்தை 2024இலேயே வெளியிட்டார். வலிகாமத்துக் கிணற்றடியில் நின்ற பிள்ளை, தானறியாமலே அந்த எல்லைக் கோட்டின் மீது கால் வைத்திருக்கின்றாள்.

"இதை விண்ணப்பத்திலை எழுதினியா?" என்று கேட்டேன். "இல்லை சேர். அது வீட்டுக் கணக்கு. அந்த ஏஜென்சி ஆக்கள் ரோபோவைத்தான் எழுதச் சொன்னவை" என்றாள்.

ஈடு வைக்கப்பட இருந்தது ஆறு பரப்பு மட்டுமா? தன் சொந்த அறிவின் மீது அப்பிள்ளைக்கு இருக்க வேண்டிய நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தே ஈட்டுக்குப் போயிருக்கும். கமக்காரன் மகளின் கிணறு வெட்கப்பட வேண்டியது, கொழும்பு விடுதியின் ரோபோ பெருமைக்குரியது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள். என் சினம் அதன் மீதே.

எவற்றைத் தெரிவது என்று கேட்கும் பெற்றோருக்கு, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்டவற்றைப் படித்தறிந்த அளவில் என் கருத்தைக் கூறுகின்றேன். முதலிடம் பரீட்சைகளுக்கே. கேம்பிரிட்ஜின் கணனி விஞ்ஞானத்துக்கும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணனிப் படிப்புக்கும் ரி.எம்.யூ.ஏ. என்னும் நுழைவுப் பரீட்சை உண்டு: இரண்டு தாள், தாளொன்றுக்கு 75 நிமிடம், 20 வினா, கணிப்பான் கூடாது. இரண்டாந் தாள் தருக்க முறையைச் சோதிப்பது. ஒரு நிரூபணத்தின் எந்த வரியில் பிழை என்று கேட்பது. கேம்பிரிட்ஜின் கணிதப் படிப்புக்கு ஸ்ரெப் என்னும் கடினமான பரீட்சை. மூன்று மணி நேரம், 12 வினாக்களுள் சிறந்த ஆறு விடைகளே கணக்கிலெடுக்கப்படும். ஒக்ஸ்போர்ட் 2007 முதல் பல ஆண்டுகள் நடத்திய கணித நுழைவுப் பரீட்சையின் பழைய தாள்களும் இணையத்தில் உள. பழைய தாள்கள் இலவசம். எப்படிப்புக்கு எப்பரீட்சை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. நம் உள்ளூர் உயர்தரப் பெறுபேற்றை எவர் எவ்வாறு ஏற்பர் என்பதும் இடத்துக்கு இடம் வேறுபடும். அவ்வப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலையே பார்க்க. முகவரின் வாயைப் பார்க்கற்க.

அடுத்தது, கணிதமும் கணனியும் ஒன்றையொன்று தொடும் வேலை. இணையத்திலே 2001 முதல் "புரொஜெக்ற் ஒயிலர்" என்னும் கணக்குத் தொகுதி இருக்கின்றது. அதன் முதற் கணக்கு, 1000க்குக் குறைந்த எண்களுள் 3இன் அல்லது 5இன் மடங்குகளைக் கூட்டுவது. கணனியை ஒவ்வோர் எண்ணாக ஓடவிட்டு 233168 என்று காணலாம். 3இன் தொடரையும் 5இன் தொடரையும் கூட்டி, இருமுறை எண்ணப்பட்ட 15இன் தொடரைக் கழித்துத் தாளிலும் காணலாம். இரண்டையும் செய்து, ஆயிரம் என்பது கோடானு கோடியானால் எது வெல்லும், ஏன் வெல்லும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, இவ்விரு பாடங்களும் ஏன் ஒரு பட்டத்தில் இணைக்கப்பட்டன என்பது தெரிந்துவிட்டது. இருபது நிரல்மொழிகளின் பெயரை அடுக்குவதிலும் இது மேல்.

ஒலிம்பியாட் போட்டிகள் நல்லவை. கணிதத்துக்கு 1959 முதலும் கணனிக்கு 1989 முதலும் சர்வதேசப் போட்டிகள் நடைபெறுகின்றன, இலங்கையும் பங்குபற்றுகின்றது. தெரிவாகாதவன் அதன் பழைய கணக்குகளோடு போராடினாலும் பயனே. நூல் வேண்டுமாயின் ஜோர்ஜ் போல்யா 1945இல் எழுதிய, கணக்கை எவ்வாறு அணுகுவது என்பதைக் கூறும் நூலொன்று போதும். பத்து நூல்களின் தலைப்பை எழுதுவதைவிட, ஒரு நூலின் எப்பக்கத்தில் நின்று தவித்தேன் என எழுதுவது மேல். மாணவத் தலைவர், சாரணர், பாண்ட் வாத்தியம், பட்டிமன்றம் ஆகியவை வாழ்க்கைக்கு நல்லவை. பட்டிமன்றத்தால் வயிறு வளர்த்தவன் நான், அதைப் பழிக்கமாட்டேன். ஆனால், கணிதத்துக்கு ஆள் தெரிபவர் அவற்றைப் பெரிதாகக் கருதார்.

கட்டுரையைப் பிறர் எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். முன்னர் வந்தவற்றோடு ஒத்திருக்கின்றதா என யூகாஸ் சோதிக்கின்றது. முதலில் தமிழில் எழுதுக. சிந்தித்த மொழியில் எழுதினால் சிந்தனை சிதையாது. பின்னர் ஆங்கிலத்தில் எழுதலாம்.

சட்டத்தரணிக்குக் கணிதத்தில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். உரும்பிராயிற் பிறந்து, ஒக்ஸ்போர்டிலே கணிதம் பயின்று, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியராய் விளங்கி, பின் வவுனியாவின் பாராளுமன்ற உறுப்பினரான செ. சுந்தரலிங்கம் அவர்களும் பாரிஸ்டரே. அதுபோகட்டும்.

வேறொரு கேள்வி இதனினும் நியாயமானது. "எங்களுக்கு இலண்டனில் தாய்மாமன் இல்லையே, எங்கள் பிள்ளைக்கு இதனால் என்ன?" வெளிநாட்டு மாணவருக்கு இங்கிலாந்து விதிக்கும் கட்டணம் கமக்காரனால் எட்ட முடியாதது என்பது உண்மை. அங்கே புலமைப்பரிசில்கள் அருமை. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் எம்.ஐ.ரி., ஹார்வர்ட் போன்ற மிகச் சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரையும் குடும்ப வசதியைப் பாராது தெரிந்து, தெரிந்தபின் தேவைக்கேற்ப உதவுகின்றன. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கே அந்த வழி. மற்றைய பிள்ளைகள் மொறட்டுவைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பேராதனைக்குமே செல்வர். இசட் புள்ளியிலே கிணற்றுக் கணக்குக்கு ஒரு தசமமும் கூடாது. ஆனால் முதலாம் ஆண்டு விரிவுரையில் நிரூபணம் என்ற சொல்லைக் கேட்டதும் திகைக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று விரிவுரையாளர்களைக் கேட்டுப் பாருங்கள். கடந்தகால வினாத்தாளையும் மாதிரி விடையையும் மட்டுமே கண்டு வளர்ந்ததன் விளைவு அது.

பரீட்சை மண்டபத்துக்கு ஒரு நேர்மை உண்டு. விடைத்தாளில் சுட்டெண் இருக்கும். தகப்பன் கமக்காரனா கலாநிதியா என்று அது சொல்லாது. இந்தப் புதிய வாசலோ பிள்ளையின் கதையைக் கேட்கின்றது. கதை கேட்கும் வாசலில் பணம் புகுவது எளிது. தலைநகரின் பெரிய பாடசாலைகளில் விண்ணப்பத்துக்கென்றே ஆலோசகர் இருப்பர். நம் ஊர்ப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் இருந்தாலே பாக்கியம். அந்த இடைவெளியிற்றான் முகவர் கடை விரிக்கின்றார். அக்கடையை வசை பாடி மூட முடியாது. இலவசமாய்க் கிடைப்பவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டச் செய்தால் அது தானே மூடும்.

பழைய மாணவர் சங்கங்கள் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பணம் அனுப்புகின்றன. பாடசாலைகளுக்கு நுழைவாயில் வளைவுகள் எழுகின்றன; வளைவிலே கொடுத்தவர் பெயர் பொறிக்கப்படுகின்றது. ஒரு வளைவின் செலவில் எத்தனை சனசமூக நிலையங்களுக்குக் கணனியும் இணைய இணைப்பும் வாங்கலாம்! ஆனால் கணனியைவிடவும் நமக்குத் தேவையானது கேள்வி கேட்கும் ஆள். விடை சொல்லிக் கொடுக்க ரியூசன் நிலையங்கள் போதியன உள. "ஏன்?" என்று கேட்டு, பிள்ளை யோசிக்கும்வரை பொறுத்திருக்க வல்லவர் வேண்டும். பொறியியலாளர், நில அளவையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்காளர் யாராயினும் ஆகுக. கமக்காரரும் வருக, கிணற்றைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலும் நல்ல கேள்விகளை அவர்களே கேட்பர்.

அந்தக் கமக்காரர் உறுதியைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்கே கொண்டு போய்விட்டார். கத்தரி நாற்றில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டதால் இவ்வாண்டுக் கிணற்றுச் சண்டையும் ஒருவாறு தணிந்ததாம். பிள்ளை மூன்றாம் வினாவுக்கு விடை எழுதுகின்றாள். சனிக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை என் அலுவலக முன்னறை திறந்திருக்கும். இப்போது ஐந்து பிள்ளைகள் வருகின்றனர். கேள்வி கேட்க இருவரே இருக்கின்றோம். ஒருவர் கணிதம் அறிந்தவர், மற்றவன் நான்.